பக்கத்து வயல்காரர் என்ன செய்கிறார்?

உழவர்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பூச்சிமருந்து நஞ்சு என்று தெரியாதவர் இன்று ஊரில் யார்? தெரிந்துதான் அடிக்கிறார். ஏன் என்பதற்கு விடை வேளாண் நூலில் கிடைக்காது. சமூக உளவியலில் கிடைக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலம். அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு. மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்றவற்றையும் மக்கள் சமைக்க வேண்டும் என்று அரசு விரும்பியது. கர்ட் லெவின் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். இல்லத்தரசிகளில் சில குழுக்களுக்குச் சத்து, செலவு, சமையல் குறிப்பு எல்லாம் சொல்லி நல்லதொரு சொற்பொழிவு. மற்ற குழுக்களில் பெண்களே கலந்து பேசினார்கள். கடைசியில் 'செய்து பார்க்கிறேன்' என்பவர்கள் கை தூக்கினார்கள். சொற்பொழிவு கேட்டவர்களில் சமைத்தவர்கள் 3 சதவீதம். பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம்! ஒத்தை ஆளாக மாறுவது கடினம், தன் கூட்டத்தோடு மாறுவது எளிது என்ற இந்தக் கருத்து பிறகு தொழிற்சாலை, பொதுச் சுகாதாரம் என்று பல துறை ஆய்வுகளுக்குள் புகுந்தது.

நம் சென்னையிலேயே பாருங்கள். நொச்சிக்குப்பத்தில் லூப் சாலையோரம் மீன் விற்றவர்களுக்காக 366 கடைகளோடு நவீன அங்காடி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு அம்மா மட்டும் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனால் என்ன ஆகும்? வண்டியில் வருபவர் சாலையோரத்திலேயே வாங்கிக்கொண்டு போய்விடுவார். எல்லாரும் சேர்ந்து போனால்தான் வியாபாரம். தயங்கினால் அதை 'அடம்' என்பவர்களுக்கு இந்தக் கணக்குப் புரிவதில்லை.

இயற்கைக்கு மாற நினைப்பவர் கணக்கும் இதுதான். பக்கத்து வயல் மருந்துத் தண்ணீர் இவர் வயலுக்குள் வரும். வரப்பில் நின்று நாலு பேர் சிரிப்பார்கள்.

விதை விற்பவர்களுக்கு இது எப்போதோ தெரியும். அமெரிக்காவின் அயோவாவில் வீரிய மக்காச்சோளம் பரவியதை ஆராய்ந்து ரயன், கிராஸ் இருவரும் 1943-ல் எழுதினார்கள்: விற்பனையாளர் மூலம் கேள்விப்பட்ட உழவர்கள், பக்கத்து உழவர் சொன்ன பிறகே நம்பி விதைத்தார்கள். மாதிரித் திடல் போடுவது சும்மா இல்லை. நாம்தான் இன்னும் மைக் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தோனேசியாவில் 1989-ல் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளியில் சுமார் 25 பேர் வாராவாரம் வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணி, தாங்களே கூடிப் பேசி, மருந்து தேவையா என்று முடிவெடுத்தார்கள். நம் நெல் ஜெயராமன் ஆதிரெங்கம் திருவிழாவில் 2 கிலோ பாரம்பரிய விதை கொடுத்து, மறு ஆண்டு 4 கிலோ திருப்பிக் கேட்டார். அத்தனை பேர் முன்னால் கை நீட்டி வாங்கிய விதையைப் பரணில் போட யாருக்கு மனசு வரும்?

அடுத்த கூட்டத்தில் பேச்சை அரை மணியோடு நிறுத்துவோம். எந்த வயல், எத்தனை சென்ட், எந்தப் பட்டம் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்லட்டும். பக்கத்து வயல்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.