நிலவுக் கல்லில் மண்ணுலகின் சாயல்

'சிர்கான்' என்னும் கனிமத்தின் பெயரைக் காணும் அரபு மாணவர் சற்றே நின்று நோக்குவர். பாரசீகத்தில் 'ஸர்' என்பது பொன்; 'கூன்' என்பது நிறம். அச்சொல்லே அரபியில் 'ஸர்கூன்' ஆகி ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது என்பர் சொல்லாய்வாளர் பலர். இலங்கைக்கும் இதில் பங்குண்டு. ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத் 1789இல் சிர்கோனியம் என்னும் தனிமத்தை இனங்கண்டது அத்தீவிலிருந்து சென்ற கல்லில்தான். 'மாத்தறை வைரம்' என விற்கப்பட்டதும் இக்கல்லின் நிறமற்ற வகையே. இந்த அணிகலன் கல்லையே நிலவுப் பாறைகளின் பிறப்பை உரைக்கும் சாட்சியாக அறிவியலார் இன்று விசாரிக்கின்றனர்.

நல்ல சாட்சிக்கு நினைவாற்றல் வேண்டும். உருகிய பாறைக் குழம்பில் சிர்கான் படிகம் வளர்கையில் யுரேனியத்தை ஏற்கும்; ஈயத்தை விலக்கும். ஆகவே பின்னர் அதனுள் காணப்படும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து விளைந்ததே. இரண்டின் விகிதமே படிகத்தின் வயது. அப்பல்லோ 17 பயணிகள் 1972இல் கொணர்ந்த துகள் ஒன்று 446 கோடி ஆண்டுப் பழமையுடையது என 2023இல் கணித்தனர்.

வயது மட்டுமன்று, பிறந்த சூழலும் அதில் பதிந்துள்ளது. படிகத்திற்குள் நுழைந்த டைட்டானியத்தின் அளவு அது உறைந்த வெப்பநிலையைக் காட்டும். சீரியம் ஆக்சிஜன் நிலையைக் காட்டும். ஆக்சிஜன் தாராளமாயின் சீரியம் அணுக்களில் ஒரு பகுதி மேலும் ஓர் எலக்ட்ரானை இழந்து சுருங்கும். அவ்வாறு சுருங்கியவை சிர்கோனியத்தின் இடத்தில் எளிதாய் அமரும். எனவே புவியின் சிர்கான்களில் சீரியம் மிகுதி. ஆக்சிஜன் வறண்ட நிலவின் சிர்கான்களில் அம்மிகுதி பொதுவாக இல்லை.

இவ்வளவையும் நாம் விரித்துரைத்தது ஒரு வழக்கிற்காக. 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14 கொணர்ந்த கற்களுள் 'பிக் பெர்த்தா' எனப்படும் 9 கிலோ பாறையும் ஒன்று. பல பாறைகளின் உடைசல்கள் ஒட்டிய கலவைக்கல் அது. அதனுள் இரண்டு கிராம் அளவே உள்ள, குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் மிக்க ஒரு துண்டின் சிர்கான்களை 2019இல் ஆய்ந்தோர் வியப்புற்றனர். வயது 400 கோடி ஆண்டுகள். வெப்பநிலையோ நிலவுக்கு வழக்கமான 1000 பாகை செல்சியஸை ஒட்டியதன்று, 800க்கும் கீழ். ஆக்சிஜன் நிலையும் புவியைப் போன்றது. அழுத்தக் கணிப்பின்படி அது நிலவில் தோன்றியிருப்பின் ஏறத்தாழ 170 கிலோமீட்டர் ஆழத்தில் தோன்றியிருக்க வேண்டும். புவியிலாயின் 20 கிலோமீட்டரே போதும். விண்கல் மோதலில் புவியிலிருந்து தெறித்து, அன்று இன்றைக்கினும் மிக அண்மையிலிருந்த நிலவில் அது விழுந்திருக்கலாம் என அவர்கள் முடிவுரைத்தனர்.

எனினும் தீர்ப்பு எழுதப்படவில்லை. நிலவிலேயே அரிதாக அமைந்த சூழலில் அது பிறந்திருக்கலாம் என மறுப்போர் உளர். சிர்கான் அல்லாத பிற கனிமங்களின் வேதியியலை அவர்கள் சான்றாக்குகின்றனர். ஒரு துண்டின் சொல்லை மட்டும் கொண்டு முடிவு கூறலாகாது என்னும் அவர்கள் வாதம் நமக்கு நியாயமாகவே படுகிறது. அதே ஆக்சிஜன் நிலையைக் காட்டும் மற்றொரு துண்டு நிலவுக் கற்களில் கிடைக்குமாயின் வழக்கு வேறு நிலையை அடையும்.