வேர் தேடும் பயணம் – 9: பெயர் மாறும், நிலம் மாறாது

அட்லாண்டிக் பெருங்கடலைத் தன்னந்தனியாக, நடுவில் எங்கும் இறங்காமல் விமானத்தில் முதன்முதலில் கடந்தவர் சார்லஸ் லிண்ட்பர்க். 1927 மே மாதம் நியூயார்க்கில் கிளம்பிப் பாரிஸில் இறங்கினார். அவருடைய தாத்தா சுவீடன்காரர். ஆனால் சுவீடனின் பிறப்புப் பதிவேடுகளில் 'லிண்ட்பர்க்' என்று தேடினால் அந்தத் தாத்தா கிடைக்க மாட்டார். அங்கே அவர் பெயர் ஓலா மோன்சன். தெற்கே ஸ்கோனே மாகாணத்தில் ஸ்மெட்ஸ்டோர்ப் வட்டாரத்தைச் சேர்ந்த விவசாயி, நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. வங்கி விவகாரம் ஒன்றில் குற்றம் சாட்டப்பட்டு 1859-இல் நாட்டை விட்டுக் கிளம்பினார். மின்னசோட்டாவில் நிலம் திருத்தியபோது அவர் ஆகஸ்ட் லிண்ட்பர்க் ஆகியிருந்தார்.

ஓலா மோன்சன் ஓடியது வழக்குக்கு அஞ்சி. பெரும்பாலோர் ஓடியது வறுமைக்கு அஞ்சி. 1750-இல் சுமார் 18 லட்சமாக இருந்த சுவீடனின் மக்கள்தொகை 1850-இல் ஏறத்தாழ 35 லட்சம் ஆனது. பண்ணைகள் பாகப்பிரிவினையில் சிறுத்துக்கொண்டே போயின. 1867-இல் வசந்தம் வரவேண்டிய மாதங்களில் உறைபனி. மறு ஆண்டு வறட்சி. அமெரிக்காவோ 1862-இல் போட்ட சட்டப்படி, குடியேறி உழுபவருக்கு 160 ஏக்கர் கொடுத்துக்கொண்டிருந்தது. 1840-களில் தொடங்கி 1930 வரை சுமார் 12 லட்சம் பேர் வட அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பிற்பாடு திரும்பிவந்தார். மற்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று தாத்தாவின் பண்ணை எங்கே என்று தேடுகிறார்கள்.

அவர்கள் செய்யும் முதல் காரியம், பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுவது. அங்கேதான் தேடல் சிக்கிக்கொள்கிறது. கிராமத்து சுவீடனில் குடும்பப் பெயர் என்ற வழக்கமே வெகுகாலம் இல்லை. ஆண்டர்ஸ் என்பவரின் மகன் ஆண்டர்சன், மகள் ஆண்டர்ஸ்டோட்டர். அந்த மகனுக்கு யோஹான் என்று பெயர் வைத்தால், அவனுடைய மகன்கள் யோஹான்சன்கள். தலைமுறைக்கு ஒரு பெயர். நமக்கு எளிதில் புரியக்கூடிய வழக்கம்தான். யோஹான்சன், யோன்சன், யோஹானஸன் எல்லாரும் அமெரிக்கா போய்ச் சேர்ந்ததும் ஒரே 'ஜான்சன்' ஆகிவிட்டார்கள்.

பட்டாளத்துப் பெயர்கள் இன்னொரு குழப்பம். 1682-இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, சில பண்ணைகள் சேர்ந்து ஒரு படைவீரனைப் பராமரிக்க வேண்டும். அவனுக்குக் குடிசையும் துண்டு நிலமும் தர வேண்டும். ஒரே படைப்பிரிவில் பத்து ஆண்டர்சன்கள் இருந்தால் கட்டளையிடுவது எப்படி? அதனால் வீரனுக்குச் சுருக்கமாக ஒரு புதுப் பெயர் சூட்டினார்கள்: சுறுசுறுப்பானவன் 'ராஸ்க்', துணிந்தவன் 'மூடிக்'. அவன் விலகினால் அதே குடிசைக்கு வரும் அடுத்த வீரனுக்குப் பல இடங்களில் அதே பெயரைக் கொடுத்தார்கள். ஆகவே பெயர் ஒன்றாக இருப்பதாலேயே இருவரும் உறவினர் என்று முடிவுகட்ட முடியாது.

பிறகு எதை நம்புவது? பிறந்த தேதியையும் பங்கையும். பங்கு என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம். 'ஸ்மோலாண்டிலிருந்து வந்தோம்' என்று பாட்டி சொன்னது போதாது. ஸ்மோலாண்ட் முழு மாகாணம், அதற்குள் எத்தனையோ பங்குகள். பங்கின் பெயரைக் கண்டுபிடிக்க அமெரிக்காவிலேயே ஒரு வழி உண்டு. அங்கே சுவீடன்காரர்கள் கட்டிய லுத்தரன் தேவாலயங்கள் ஊர்ப் பழக்கப்படியே பதிவேடு எழுதின. உறுப்பினர் பிறந்த தேதியையும் பங்கையும் பல இடங்களில் குறித்துவைத்தன. இன்னொரு வழி கப்பல் பட்டியல். சுவீடனின் கோத்தன்பர்க் துறைமுகத்தில் 1869 முதல் காவல்துறை வைத்திருந்த பட்டியலில் பயணியின் பெயர், வயது, சொந்த ஊர், போகும் இடம் எல்லாம் இருக்கும். பெரும்பாலோர் அங்கிருந்து இங்கிலாந்தின் ஹல் துறைமுகம் சென்று, ரயிலில் லிவர்பூலை அடைந்து, அங்கே பெரிய கப்பல் ஏறினார்கள்.

பங்கு தெரிந்துவிட்டால் உலகில் வேறெங்கும் அரிதாகவே கிடைக்கும் ஓர் ஆவணம் திறந்துகொள்ளும்: வீட்டு விசாரணைப் பதிவேடு. 1686-இல் வந்த திருச்சபைச் சட்டம் போதகருக்கு ஒரு கடமையை விதித்தது. தன் பங்கிலுள்ள குடும்பங்களைக் கூட்டி வைத்து, வாசிக்கத் தெரிகிறதா, லுத்தரின் ஞானோபதேசம் மனப்பாடமா என்று சோதிக்க வேண்டும். அதற்கான மதிப்பெண் ஏடுதான் இது. ஆனால் அது எழுதப்பட்ட முறையைப் பாருங்கள்: பண்ணைவாரியாகப் பக்கங்கள். பண்ணையின் பெயர் தலைப்பில். கீழே குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், வேலையாட்கள். பிறந்த தேதி, பிறந்த பங்கு, அம்மை குத்தியது, எங்கிருந்து வந்தார், எங்கே போனார். ஊரை விட்டுப் போனவர் பெயர் மேல் ஒரு கோடு. பக்கத்தில் 'வட அமெரிக்கா' என்று எழுதியிருந்தால், தேடியவர் கிடைத்துவிட்டார். அதே பண்ணையின் பக்கத்தை முந்தைய ஏடுகளில் பின்தொடர்ந்தால் தாத்தாவின் தாத்தாவும் வரக்கூடும்.

பண்ணையின் பெயர் கிடைத்தாலும் வீடு அதே இடத்தில் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. 1827-இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், சிதறிக் கிடந்த வயல் துண்டுகளை ஒன்றுசேர்த்தது. கிராமத்து நடுவில் நெருங்கியிருந்த மர வீடுகளைக் கழற்றி, அவரவர் நிலத்தில் மறுபடி நிறுத்தினார்கள். அப்போது வரைந்த வரைபடங்களில் யார் நிலம் எது, எந்த வீடு எங்கே போகிறது என்பதெல்லாம் உண்டு. 1628-இல் தொடங்கிய நில அளவைத் துறை அவற்றை இணையத்தில் இலவசமாகவே காட்டுகிறது.

நிலம் இல்லாத ஏழைகளைத் தேடுவதுதான் கடினம். 'தோர்ப்' என்ற சிறு குடியிருப்பில் இருந்தவர்கள், வாடகைக்குப் பதில் பண்ணையாரின் நிலத்தில் நாள் கணக்கில் உழைத்தவர்கள். பல தோர்ப்களை இன்று காடு மூடிவிட்டது. அடுப்புச் சுவர் இடிந்த கற்குவியல், நிலவறைப் பள்ளம், யாரோ நட்ட லைலாக் புதர், ஆப்பிள் மரம் இவைதான் அடையாளம். பல ஊர்களில் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தினர் இந்த இடங்களைத் தேடிப்பிடித்துப் பெயர்ப்பலகை நட்டிருக்கிறார்கள். சுவீடன் காட்டில் யாரும் நடக்கலாம். ஆள் குடியிருக்கும் வீட்டு முற்றத்துக்குள் மட்டும் கேட்காமல் நுழையக் கூடாது. எனவே கிளம்பும் முன் அந்தச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதிவிடுவது நல்லது.

தேசிய ஆவணக் காப்பகம் தன் மின்படிமங்களை 2018 முதல் கட்டணமின்றித் திறந்துவிட்டது. அதனால் இன்று காசு தடையில்லை, தூரமும் தடையில்லை. குடும்பத்தில் யாரும் கேட்டுவைக்காமல் விட்ட பங்கின் பெயர் ஒன்றுதான் தடை. சுவீடன் வழித்தோன்றலான நண்பர் உங்களுக்கு இருந்தால், அவர் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

(தொடரும்)