தட்டோரம் ஒதுங்கும் கறிவேப்பிலை... உள்ளே போக என்ன வழி?

சாம்பார், ரசம், உப்புமா... எதில் விழுந்தாலும் கறிவேப்பிலையின் கடைசி இடம் தட்டின் ஓரம்தான். 'கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுட்டாங்க' என்று பேச்சுவழக்கே வந்துவிட்டது.

100 கிராம் கறிவேப்பிலையில் 600 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம்தான். கேட்கப் பிரமாதம்! ஆனால், தாளிப்பில் நாம் போடுவது ஒன்றிரண்டு கிராம். அதையும் ஒதுக்கிவிட்டால் மிச்சம் வாசனை மட்டுமே.

அரைத்துச் சாப்பிட்டால்தான் பலன். இரண்டு கைப்பிடி இலையை எண்ணெயில் வதக்குங்கள். வறுத்த உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாயுடன் புளி, தேங்காய், உப்பு சேர்த்துக் கெட்டியாக அரைத்தால் துவையல் தயார். சூடான சாதம், நல்லெண்ணெய், சுட்ட அப்பளம் இருந்தால் போதும். பிள்ளைகள் இலையைப் பொறுக்கி எடுக்கவே முடியாது! பொடி செய்வதென்றால் இலையை நிழலில் நன்றாக உலர்த்துங்கள்; ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. 'தினமும் கறிவேப்பிலை சாப்பிடுறேனே' என்று டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இலைகளில் உள்ள இரும்புச்சத்தை உடல் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு பிழிந்துகொண்டால் அது கூடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும்.

நரைமுடி கறுக்குமா என்று கேட்பவர்களுக்கு... அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. துவையல் ருசிக்கு ஆதாரம் தேவையில்லை!

கடையில் வாங்கிய இலையைக் குழாய்த் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். மாடியில் வெயில் படும் இடம் இருந்தால், ஒரு தொட்டியில் கன்று வைத்துவிடலாம்.