சி ட்ரைவ் நிறைந்தால் காணி உறுதியை அழிக்காதீர்கள்

சி ட்ரைவ் சிவப்பாகி, லப்டொப் இழுத்து இழுத்து ஓடத் தொடங்கினால் கை தானாக டிலீட் பட்டனுக்குப் போகும். "எல்லாம் கிளவுட்டில் இருக்குத்தானே, இங்கே கிடக்கிறதை அழித்தால் என்ன?" என்று நினைத்து மைக்ரோசொப்டின் வன்ட்ரைவ் போல்டருக்குள் போய்க் கோப்புகளை அள்ளி அழித்துவிட்டுப் பிறகு தலையில் கை வைப்பவர்கள் உண்டு. அந்தப் போல்டருக்குள் அழித்தால் கிளவுட்டிலும் அழியும். அதே கணக்கில் வெளிநாட்டில் இருக்கும் மகன் திறந்து பார்த்தாலும் இருக்காது. மென்பொருள் பிழை விடவில்லை. எல்லா இடத்தையும் ஒரே மாதிரி வைத்திருப்பதுதான் அதன் வேலை.

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் இது கணினிக்காரர்களின் பிரச்சினை மட்டுமல்ல. 2006இல் போரால் இடம்பெயர்ந்து கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் வருடக்கணக்காக இருந்த சனம் இது. 2007இல் உயர் பாதுகாப்பு வலயம் வந்தது. பிறகு அனல்மின் நிலையம், முதலீட்டு வலயம் என்று காணிக்குப் புதுப் புதுக் காரணங்கள். 2015இலும் 2016இலும்தான் காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டன. அனல்மின் திட்டம் 2016 செப்டெம்பரில் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. காணி பற்றிய பேச்சு ஓயாத ஊரில், உறுதியும் பெர்மிட்டும் பதிவுத் துண்டும் ஸ்கேன் செய்யப்பட்டு எங்கே கிடக்கின்றன என்பது முக்கியமான விஷயம்.

உண்மையில் இடத்தைத் தின்பது அந்தக் காகிதங்கள் அல்ல. ஒரு பக்க உறுதியைப் பிடிஎஃப் ஆக்கினால் ஓரிரண்டு எம்பிக்குள் அடங்கும். தின்பது கோயில் திருவிழா வீடியோ, கலியாண வீடியோ, வட்ஸ்அப்பில் வந்து குவிந்தவை. வின்டோஸ் கணினியில் மைக்ரோசொப்ட் கணக்கால் நுழைந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் "ஓகே" அழுத்தியிருந்தால், டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் உங்களுக்குத் தெரியாமலே வன்ட்ரைவுக்குள் போயிருக்கும். வன்ட்ரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. கூகுளில் 15 ஜிபி, அதுவும் ஜிமெயிலுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்து. அந்த இடம் முடிந்ததும் மேலே ஏறுவது நின்றுவிடும். ஏற வேண்டியவை கணினியிலேயே வரிசையில் நிற்கும். அங்கேயும் நிறைவு, இங்கேயும் நிறைவு.

வன்ட்ரைவில் முதலில் பார்க்க வேண்டியது கோப்புக்குப் பக்கத்தில் இருக்கும் குறி. நீல முகில் என்றால் கோப்பு கிளவுட்டில் மட்டும் இருக்கிறது, கணினியில் இடம் பிடிக்கவில்லை. வெள்ளை வட்டத்துக்குள் பச்சைச் சரி என்றால் இரண்டு இடத்திலும் இருக்கிறது. முழுப் பச்சை வட்டத்துக்குள் வெள்ளைச் சரி என்றால் "எப்போதும் இங்கேயே இருக்கட்டும்" என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். பச்சை தெரியும் பெரிய வீடியோக்களை ரைட் கிளிக் செய்து "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" கொடுங்கள். கணினிப் பிரதி மட்டும் போகும், கிளவுட் பிரதி இருக்கும். டிலீட்டும் அதே மெனுவில்தான் கிடக்கிறது என்பதால் அவசரப்படாதீர்கள். சுழலும் அம்புக்குறி தெரிந்தால் கோப்பு இன்னும் மேலே ஏறி முடியவில்லை. அதைத் தொடவே வேண்டாம்.

கூகுள் ட்ரைவ் கணினிப் பதிப்பில் "ஸ்ட்ரீம்", "மிரர்" என்று இரண்டு வழி. மிரர் என்றால் கிளவுட்டில் உள்ள அவ்வளவும் கணினியிலும் இறங்கும். சின்ன டிஸ்க் உள்ள லப்டொப்புக்கு அது ஆகாது, அமைப்புக்குள் போய் ஸ்ட்ரீமுக்கு மாற்றுங்கள். ஸ்ட்ரீமிலும் ஒரு தற்காலிகக் களஞ்சியம் உண்டு. ஆப்டேட்டா, லோக்கல், கூகுள் என்று மறைந்திருக்கும் போல்டர்களைத் திறந்துகொண்டே போனால் ட்ரைவ்எஃப்எஸ் என்ற பெயரில் கிடக்கும். யூடியூப்பில் யாரோ சொன்னார் என்று அதைக் கையால் அழிப்பது பெரிய ஆபத்து. கிளவுட்டுக்கு இன்னும் ஏறாத கோப்பு அதற்குள் இருக்கலாம். நம் பக்கத்துச் சிக்னலில் ஒரு கோப்பு ஏற எவ்வளவு நேரம் மினக்கெட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். ஏறி முடிந்ததா என்று உலாவியில் கணக்கைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகுதான் எதையும் செய்ய வேண்டும்.

அழித்தே விட்டீர்களா? முதலில் கணினியின் ரீசைக்கிள் பின்னைத் திறவுங்கள். பிறகு இணையத்தில் கணக்குக்குள் போய் அங்குள்ள குப்பைத்தொட்டியைப் பாருங்கள். கூகுள் ட்ரைவிலும் தனிநபர் வன்ட்ரைவிலும் 30 நாள் வரை கிடக்கும். அதற்குள் "ரிஸ்டோர்" கொடுத்தால் திரும்பி வரும். அதைவிட்டு இடம் வேண்டும் என்று தொட்டியையும் காலி செய்தால் கதை முடிந்தது.

கிளவுட்காரரே தடுக்கி விழுவதும் உண்டு. 2023 நவம்பரில் கூகுள் ட்ரைவின் கணினிப் பதிப்பில் வந்த கோளாறால் சிலருடைய கோப்புகள் காணாமற்போயின. கூகுள் பிறகு மீட்கும் வழியை வெளியிட்டது. அதே வருடம் ஓகஸ்டில் லங்கா அரச கிளவுட்டைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு போனது. இணையத்தோடு இணைந்திருந்த காப்புப் பிரதியையும் வைரஸ் பூட்டிவிட்டது. இணைக்காமல் தனியே வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. அதில் அகப்பட்ட அமைச்சரவை அலுவலகத்துக்கே அந்த நிலை என்றால் வீட்டில் ஒரு யுஎஸ்பியில் பிரதி எடுத்து, கழற்றி, அலுமாரிக்குள் வைப்பதைப் பெரிய வேலை என்று சொல்ல முடியாது.

இன்னொரு ஆபத்து கொமியுனிக்கேஷன் கடைகளில். ஸ்கேன் எடுக்கப் போய், கடைக் கணினியில் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கைத் திறந்து, "இந்தச் சாதனம் முழுவதும் இந்தக் கணக்கைப் பாவிக்கவா" என்ற கேள்விக்குச் சம்மதித்தால், உங்கள் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், உறுதி எல்லாம் அந்த டிஸ்க்கில் வந்து இறங்க வழி திறக்கிறீர்கள். வெளியேறாமல் வந்துவிட்டால் போனிலிருந்தே உங்கள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் கட்டளையைக் கொடுத்து, கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். ஏற்கெனவே இறங்கிய கோப்பு இதனால் அழியாது. கடைக்காரரிடம் நேரே கேட்டு முன்னால் நின்று அழிப்பிக்க வேண்டியதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம், உங்கள் தரவைப் பார்க்க, திருத்த, அழிக்கக் கேட்கும் உரிமையை எழுதிவைத்திருக்கிறது. ஆனால் அதன் முக்கிய பிரிவுகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிப்போடப்பட்டன. அதனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். கணக்கு திருடப்பட்டால் இலங்கை கணினி அவசரப் பிரிவின் 101 இலக்கத்துக்கு அழைக்கலாம். கணினியைத் திருத்தக் கொடுத்த இடத்தில் ஏமாற்றினால் நுகர்வோர் அதிகாரசபையின் இலக்கம் 1977. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும், ஆகவே ரசீதைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

எல்லாம் போய்விட்டாலும் காணி போய்விடாது. ஸ்கேன் பிரதி மூலப் பத்திரம் அல்ல. அது போனதால் உரித்து போகாது, அது இருப்பதால் மட்டும் உரித்து வராது. நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். திருகோணமலைப் பதிவகத்தில் தேடி உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அரச காணிப் பெர்மிட் என்றால் மூதூர்ப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் விசாரியுங்கள். "பிறகு வாங்கோ" என்று இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தமிழிலேயே எழுதி, அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்லியாக வேண்டும். விண்ணப்பம் பெற்றதற்கான அத்தாட்சியை வாங்காமல் கவுண்டரைவிட்டு நகராதீர்கள்.