சயனைடு இல்லாமல் முடியுமா என்று கேளுங்கள்

மார்பகப் புற்றுநோய்க்கான லெட்ரோசோல், சர்க்கரை நோய்க்கான வில்டாகிளிப்டின் ஆகிய மருந்துகளில் நைட்ரைல் என்ற வேதித்தொகுதி இருக்கிறது. மருந்து சாப்பிடுபவர் இதற்காகப் பயப்பட வேண்டாம். ஆபத்து, நைட்ரைலைத் தயாரிக்கும் ஆலையிலும் ஆய்வகத்திலும்தான்.

என்ன ஆபத்து?

சயனைடு உப்புகளைக் கொண்டு நைட்ரைல் தயாரிப்பது 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே வரும் முறை. சோடியம் சயனைடில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு கிளம்பும். அது சுமார் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து வாயுவாகிவிடும். வாசனை காட்டிக்கொடுக்கும் என்று நம்பாதீர்கள். பலருக்கு அந்த வாசனையே தெரியாது.

மாற்று இருக்கிறது

ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் வேதியியல் ஆய்வாளர்களான ஜெகதீஷ், மத்தியாஸ் பெல்லர் குழுவினர் ஆல்கஹால், அம்மோனியா, ஆக்சிஜன் ஆகியவற்றிலிருந்தே நைட்ரைல் தயாரிக்கும் முறையை 2014-இல் வெளியிட்டனர். வினையூக்கி, கோபால்ட் ஆக்சைடு நுண்துகள். உடன் உண்டாவது தண்ணீர். திடப்பொருள் என்பதால் வினையூக்கியை வடிகட்டி மீண்டும் பயன்படுத்தலாம்.

ஆனால் இத்தகைய முறைகளுக்குத் தரப்படும் 'பசுமை' என்ற பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. வினை பாதியில் இருக்கும்போதே சூட்டோடு வடிகட்டி, வினையூக்கி நீங்கிய திரவத்தைத் தொடர்ந்து சூடாக்கிப் பார்க்க வேண்டும். அப்போதும் நைட்ரைல் உண்டாகிக்கொண்டே இருந்தால், உலோகம் கரைந்து திரவத்தில் இறங்கியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்த உலோகம் கழிவுநீருக்கும் போகும். அம்மோனியாவும் ஆக்சிஜனும் சேர்ந்து சூடாகும் கலனில் தீ, வெடிப்பு அபாயமும் உண்டு. சயனைடு போய்விட்டது என்பதற்காகப் பாதுகாப்பைத் தளர்த்த முடியாது.

உங்கள் உரிமை

போபால் விஷவாயுத் துயரத்துக்குப் பின், 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் முக்கியமான உரிமைகள் சேர்ந்தன. ஆபத்தான பொருள்கள் பற்றிய தகவலை நிர்வாகம் தொழிலாளர்களுக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும். உடனடி ஆபத்து என்று தோன்றினால் தொழிலாளி எச்சரிக்கலாம். 2020-இன் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவை தொடர்கின்றன. ஒவ்வொரு ரசாயனத்தின் பாதுகாப்புத் தரவுத்தாளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பாதிப்பு நேர்ந்தால்

சயனைடு வாயு கசிந்த அறைக்குள் சுவாசக் கருவி இல்லாமல் யாரும் நுழையக் கூடாது. பாதிக்கப்பட்டவரைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்தபின், ரசாயனம் பட்ட உடையை அகற்றி, ஆக்சிஜன் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டாம். உதவுபவருக்கும் விஷம் ஏறலாம். 108-ஐ அழைக்கும்போதே 'சயனைடு' என்று சொல்லுங்கள். ஹைட்ராக்சோகோபாலமின் போன்ற விஷமுறிவு மருந்துகள் உண்டு. மருத்துவர் தாமதமின்றித் தொடங்கினால் உயிர் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

நீரோ நிலமோ கெட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோர ஐந்து ஆண்டுகள் அவகாசம் உண்டு. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

கையுறையும் முகமூடியும் கடைசிக் காப்புதான். விஷத்தைத் தயாரிப்பு முறையிலிருந்தே நீக்குவதுதான் முதல் காப்பு. அடுத்த பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில், இந்த நைட்ரைலைச் சயனைடு இல்லாமல் தயாரிக்க முடியுமா என்ற கேள்வியை எழுப்பி, பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.