கிட்டார் முதுகில் புலிவரி: இந்த மரத்துக்கு ஏன் இவ்வளவு விலை?

இன்னைக்கு எபிசோட் மரத்தைப் பத்தி. விலை அதிகமான சில கிட்டார்களைத் திருப்பிப் பாருங்க. முதுகில் புலித்தோல் மாதிரி குறுக்கே வரி வரியா ஓடும். தடவினால் வழவழன்னு சமமா இருக்கும். கொஞ்சம் சாய்த்தால் வெளிச்சமா இருந்த வரி இருட்டாகும், இருட்டு வரி மின்னும். அது பெயின்ட் இல்லை, மரமே அப்படித்தான்.

சாதாரண மரத்தில் நார்கள் மேல்நோக்கி நேராகப் போகும். இதில் அலை அலையாகப் போகும். பலகையா அறுக்கும்போது ஓரிடத்தில் நாரின் பக்கவாட்டு தெரியும். அது ஒளியைத் திருப்பி அனுப்பும். அடுத்த இடத்தில் நாரின் வெட்டுமுனை தெரியும். அது ஒளியை உள்ளே இழுத்துக்கும். இதுதான் அந்த வரி.

சரி, விலை ஏன் எகிறுது? மூணு காரணம்.

ஒண்ணு, ஒரே இனத்தில் வெகுசில மரங்கள்தான் இப்படி வளரும். அதோட விதையை நட்டாலும், கன்றுக்கும் அலைரேகை வரும்னு உத்தரவாதம் கிடையாது.

ரெண்டு, சேதாரம். மரம் முழுக்க அலை இருக்காது. அறுக்கும் கோணம் தப்பினால் வரி மங்கிடும். இழைக்கும்போது நார் பிய்ந்து வரும். கிட்டார் முதுகுக்கு ஒரே கட்டையைப் புத்தகம் விரிக்கிற மாதிரி ரெண்டாப் பிளந்து ஒட்டணும். அந்த ரெண்டிலும் குறை இருக்கக் கூடாது.

மூணாவது, நிற்கிற மரத்தைப் பார்த்துப் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது. வில்லங்கமே இங்கதான். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தேசியக் காட்டில் பிக்லீஃப் மேப்பிள் மரங்கள் உண்டு. திருடர்கள் பட்டையைச் செதுக்கி, உள்ளே வரி இருக்கான்னு பார்ப்பாங்க. இருந்தா வெட்டு, இல்லைன்னா காயத்தோட விட்டுட்டு அடுத்த மரம்.

2018 ஆகஸ்ட்டில் அங்கே சுமார் 3,300 ஏக்கர் எரிந்தது. திருட வந்தவங்க, மரத்தில் இருந்த குளவிக்கூட்டை பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தியதுதான் காரணம்னு அரசுத் தரப்பு சொன்னது. 2021-ல் வழக்கு விசாரணைக்கு வந்தப்போ, காட்டில் நின்ற அடிக்கட்டைகளின் டிஎன்ஏவும், மில்லுக்கு விற்ற மரத்தின் டிஎன்ஏவும் ஒத்துப்போச்சு. அமெரிக்க ஃபெடரல் குற்ற வழக்கு விசாரணையில் மர டிஎன்ஏ சாட்சியானது அதுதான் முதல்முறை. தீ வைத்த குற்றச்சாட்டில் ஜூரிகள் ஒரு முடிவுக்கு வரலை. ஆனால் மரத்திருட்டு நிரூபணமாச்சு; 20 மாதம் சிறை.

அதனால, வரி போட்ட கிட்டார் வாங்குறீங்கன்னா, கடையில் விலையோட இதையும் கேளுங்க: "இந்த மரம் எங்கே வெட்டினது?" பதில் தெரிஞ்ச கடையில் வாங்குங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!