கம்பியும் பாவும்

வேகமான இணையம் வந்தால் ஊர் முன்னேறும் என்பது நம் காலத்தின் பெருங்கதையாடல். 2011இல் ஒப்புதல் பெற்று 2015இல் பாரத்நெட் என்று பெயர் மாறிய மத்திய அரசுத் திட்டமும், தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் மாநில ஏற்பாடும் இதன் மேல்தான் நிற்கின்றன. சரி, கம்பி வருகிறது. யாருக்கு வருகிறது?

சாட்சியாகக் காட்டப்படுவது கேரளக் கடற்கரை. 1997க்கும் 2001க்கும் இடையே வடகேரளத்துக்குச் செல்போன் வந்ததும், மத்தி பிடிப்பவர்கள் கடலில் இருந்தபடியே விலை கேட்டு, நல்ல விலையுள்ள கரைக்குப் படகைத் திருப்பினார்கள். ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குகிறவர்களுக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. உண்மைதான். ஆனால் படகில் கிடந்த மீன் அவர்களுடையது. அதனால்தான் தகவல் காசாயிற்று.

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். இங்கே சிறு தறிக்காரருக்குப் பாவும் ஊடையும் ஜவுளி உற்பத்தியாளரிடமிருந்து வருகின்றன. நெய்த சேலை அவரிடமே திரும்புகிறது. தறிக்காரருக்குக் கிடைப்பது கூலி. அந்தக் கூலி உயர்வுக்கும் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்திருக்கிறது. தான் நெய்த சேலை வெளியூர்க் கடையில் என்ன விலைக்குப் போகுதுன்னு செல்போனில் பார்த்துவிடலாம். பார்த்து என்ன செய்ய? திருப்புறதுக்குப் படகு எங்கே இருக்கு? உற்பத்தியாளரோ அதே கம்பியில் நூல் விலையைப் பார்க்கிறார், தூரத்து வியாபாரியிடம் நேரடியாகப் பேசுகிறார். பார்ப்பது இருவரும், பார்த்ததைக் காசாக்க முடிவது ஒருவருக்கு. வேகம், இருக்கிற உற்பத்தி உறவின் வழியாகவே பாய்கிறது.

இதைக் கம்பிக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ நிறுவனம் இயங்குகிறது. இணையம் இல்லாமல் அந்த மென்பொருள் வேலை இங்கே வந்திருக்காது. அதுவும் கூலி உழைப்புதான். ஆனால் சென்னைக்குப் பஸ் ஏறாமல் கிடைக்கிற சம்பளம்.

தறிக்கு வேண்டியது வேறு. 2017இல் மத்திய அரசு தொடங்கிய பவர்டெக்ஸ் இந்தியா திட்டத்தில் நூல் வங்கி என்றொரு பிரிவு இருந்தது. தறிக்காரர்கள் அமைப்பாகச் சேர்ந்தால், வட்டியில்லா நிதியைக் கொண்டு மொத்தவிலையில் நூல் வாங்கலாம் என்பது அதன் ஏற்பாடு. அப்படிப் பாவு அவர்கள் கைக்கு வந்தால்தான் செல்போனில் தெரியும் விலைக்கு அர்த்தம் வரும். ஆகவே, "கம்பி எப்ப வரும்?"னு கேட்கிறவங்க, "பாவு யாரு கையில இருக்கு?"ன்னும் சேர்த்தே கேட்கணும்.